அம்மாவின் எடை ஒரே வருடத்தில் 7 கிலோ இறங்கிவிட்டது: "வயசானா அப்படித்தான்" என்று விட்டுவிடலாமா?

பதிவு 1 – மூத்தமகள்

வணக்கம். அம்மாவுக்கு 76 வயது. போன வருடம் இதே சமயத்தில் 58 கிலோ இருந்தார். போன வாரம் பரிசோதனைக்குக் கூட்டிப்போனபோது 51. அங்கே சர்க்கரை அளவைப் பார்த்துவிட்டு, ரொம்ப நன்றாகக் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று பாராட்டினார்கள். எடையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. நானாகக் கேட்டபோது, "இந்த வயசில் எடை குறைஞ்சா நல்லதுதானே" என்று சொல்லிவிட்டார்கள்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. மோதிரம் இரண்டு தடவை கழன்று விழுந்துவிட்டது. நாற்காலியிலிருந்து எழ இரண்டு கையையும் ஊன்ற வேண்டியிருக்கிறது. முன்பெல்லாம் அப்படி இல்லை.

சாப்பாடு என்று பார்த்தால், காலையில் டீ, இரண்டு பிஸ்கட். மதியம் சின்னத் தட்டில் கொஞ்சம் போட்டுக்கொள்வார், பாதியிலேயே போதும் என்று எழுந்துவிடுவார். இரவில் ஒரு பழம், இல்லையென்றால் அரை டம்ளர் பால். கேட்டால் பசியே இல்லை என்கிறார். இன்னொன்றும் சொல்ல வேண்டும். பத்து வருடத்துக்கு முன்னால் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இருக்கிறதென்று ஒரு காகிதம் எழுதிக்கொடுத்தார்கள்: இனிப்பு கூடாது, உப்பு கூடாது, எண்ணெய் கூடாது, முட்டை மஞ்சள் கூடாது, இப்படி ஒரு பட்டியல். அது இன்னமும் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. அம்மா அதை வேதவாக்காகப் பின்பற்றுகிறார்.

வயதானால் இப்படித்தான் ஆகுமா? அல்லது நான் கவலைப்படுவது சரியா?

பதிவு 2 – அளவோடு உண்

சகோதரி, பயப்படாதீர்கள். என் மாமியாருக்கு 84 வயது, குருவி மாதிரிதான் கொத்துவார். நடமாட்டமெல்லாம் நன்றாக இருக்கிறது. குறைவாகச் சாப்பிடுபவர்கள்தான் நெடுநாள் இருக்கிறார்கள் என்று ஆராய்ச்சிகளே சொல்கின்றன. வற்புறுத்தி ஊட்டினால் அஜீரணம்தான் மிச்சம்.

பதிவு 3 – உணவுத்தட்டு

நான் உணவியல் நிபுணர். பத்தொன்பது வருடமாக முதியோர் பிரிவில்தான் வேலை. நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கவலை சரியானது. முதலில் கணக்கைப் பாருங்கள். 58இல் 7 போனால் 12 சதவீதம். முயற்சி எதுவும் செய்யாமல் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் 5 சதவீதம் குறைந்தாலே காரணம் தேட வேண்டும் என்பதுதான் முதியோர் மருத்துவத்தில் உள்ள வழக்கம். அம்மா அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் இழந்திருக்கிறார். "நல்லதுதானே" என்று கடந்துபோகக் கூடியது அல்ல இது.

காரணம் பல இருக்கலாம். தைராய்டு, மனச்சோர்வு, பல், விழுங்குவதில் சிரமம், மறதி நோயின் தொடக்கம், புற்றுநோய், சில மாத்திரைகள். சர்க்கரைக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரை சிலருக்குப் பசியைக் குறைக்கும். ஆகவே சமையலறைக்குப் போவதற்கு முன் மருத்துவரிடம் திரும்பப் போங்கள். "எடை குறைந்துவிட்டது" என்று மட்டும் சொன்னால் பாராட்டாக எடுத்துக்கொள்வார்கள். "நாங்கள் குறைக்க முயலவே இல்லை, ஒரு வருடத்தில் 12 சதவீதம் போய்விட்டது" என்று சொல்லுங்கள். அந்த எண்ணைச் சொன்னால் கேள்வியே மாறிவிடும்.

அடுத்தது, குறைந்த 7 கிலோவில் என்னென்ன போயிற்று என்பது. கொழுப்பு மட்டும் போயிருந்தால் நாற்காலியில் கையை ஊன்ற வேண்டிவந்திருக்காது. தசையும் சேர்ந்து போயிருக்கிறது. முதுமையில் தசை கரைவதற்கு சார்கோபீனியா என்று பெயர். 1989இல் இர்வின் ரோசன்பெர்க் என்ற அமெரிக்க ஆய்வாளர்தான் இந்தப் பெயரை வைத்தார். பெயர் வைக்கும்வரை இதை ஒரு பிரச்சினையாகவே யாரும் எண்ணவில்லை, வயது என்று விட்டுவிட்டார்கள். இப்போதும் பாதிப் பேர் அப்படித்தான் விடுகிறோம்.

பலருக்கும் தெரியாத ஒன்று உண்டு. வயதானால் கலோரித் தேவை கொஞ்சம் குறையும், ஆனால் புரதத் தேவை கூடும். இளம் உடம்பு 15 கிராம் புரதம் கிடைத்தாலும் தசை கட்டும் வேலையில் இறங்கிவிடும். முதிய தசை அந்த அளவுக்கு அசையாது, ஒரு வேளைக்கு 25 கிராமுக்குப் பக்கத்தில் போனால்தான் விழித்துக்கொள்ளும். பெரியவர்களுக்குப் பொதுவாகச் சொல்லும் அளவு கிலோவுக்கு 0.8 கிராம். 2013இல் பல நாட்டு முதியோர் மருத்துவ வல்லுநர்கள் சேர்ந்து வெளியிட்ட பரிந்துரை, 65ஐத் தாண்டியவர்களுக்கு 1.0 முதல் 1.2 கிராம் வரை வேண்டும் என்கிறது. நோயிலிருந்து தேறுகிறவர்களுக்கு 1.5 வரை போகலாம்.

அம்மாவுக்கு 51 கிலோ. அப்படியானால் நாளைக்கு 51 முதல் 61 கிராம். நீங்கள் எழுதியதை வைத்துத் தோராயமாகக் கூட்டிப்பார்த்தேன், 25ஐத் தாண்டாது போலிருக்கிறது.

வீட்டிலேயே இரண்டு அளவு எடுங்கள். தையல் டேப்பால் கெண்டைக்காலின் பருத்த இடத்தைச் சுற்றி அளந்து பாருங்கள். 31 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் தசை குறைவு என்று சந்தேகிக்கலாம். அப்புறம், கைப்பிடி உள்ள நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் 30 விநாடியில் எத்தனை தடவை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். பக்கத்திலேயே நின்றுகொண்டு எண்ணுங்கள்.

பதிவு 4 – அளவோடு உண்

உணவுத்தட்டு அவர்களே, படித்தேன். ஆனால் கலோரியைக் குறைத்தால் ஆயுள் கூடும் என்று எலியிலிருந்து மனிதர் வரை ஆய்வு செய்திருக்கிறார்களே? எல்லாமே தவறா? நான் வாதத்துக்காகக் கேட்கவில்லை. மாமியார் விஷயத்தில் நான் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறேனோ என்றுதான் கேட்கிறேன்.

பதிவு 5 – உணவுத்தட்டு

நல்ல கேள்வி. ஆய்வுகள் தவறில்லை, அவை யாருக்கானவை என்பதுதான் விஷயம். மனிதர்களிடம் நடந்த முக்கியமான கலோரிக் குறைப்பு ஆய்வு கேலரி என்பது. இரண்டு வருடம் நடந்தது. அதில் சேர்ந்தவர்கள் 21 முதல் 50 வயது வரை உள்ள ஆரோக்கியமானவர்கள். 25 சதவீதம் குறைக்கச் சொன்னார்கள், அவர்களால் 12 சதவீதம்தான் முடிந்தது. அதில் கிடைத்த முடிவை 84 வயதுக்காரர் தட்டில் கொண்டுவந்து வைக்க முடியாது.

65க்கு மேற்பட்டவர்களைப் பார்த்தால் படமே வேறு. 2014இல் 32 ஆய்வுகளை, ஏறத்தாழ 1,98,000 பேரின் விவரங்களை, ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் உடல் நிறை குறியீட்டெண் 23க்குக் கீழே போனால் இறப்பு அபாயம் ஏறத் தொடங்கியது. இளையவர்களுக்கு "கொஞ்சம் கூடுதல்" என்று சொல்லும் 25, 27 என்ற அளவில் முதியவர்களுக்கு அபாயம் ஏறவே இல்லை. நோயோ அறுவைச் சிகிச்சையோ வரும்போது செலவழிக்க உடம்பில் சேமிப்பு வேண்டும்.

உங்கள் மாமியார் பல வருடமாக அதே எடையில் இருந்து, நன்றாக நடந்து, தானாக எழுந்து உட்கார்ந்தால் அவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம். சிறிய உடம்பு நோய் இல்லை. எடை இறங்கிக்கொண்டே போவதுதான் எச்சரிக்கை. மாதம் ஒரு நாள் குறித்து எடை பாருங்கள், அது போதும்.

பதிவு 6 – எழுபத்திரண்டு

நான் இந்த இழையில் அம்மா பக்கத்து ஆள். 72 வயது, தனியாக இருக்கிறேன். மனைவி போய் மூன்று வருடம் ஆகிறது. பிள்ளைகள் தினமும் "சாப்பிட்டீங்களா" என்று கேட்கிறார்கள், நானும் "ஆச்சு" என்கிறேன். அது முழுப் பொய்யும் இல்லை.

பசி இல்லை என்று அம்மா சொல்கிறார் அல்லவா, அது எப்படி இருக்கும் என்று சொல்லட்டுமா. வயிறு கேட்காது. நேரம் ஆகிவிட்டது என்று கடிகாரத்தைப் பார்த்தால்தான் தெரியும். முன்பு அடுப்படியில் வதங்கும் வெங்காய வாசனை வாசல் வரைக்கும் இழுக்கும். இப்போது பக்கத்தில் நின்றாலும் அரைகுறையாகத்தான் வருகிறது. வாசனை போனால் ருசியும் போகும். தட்டில் இருப்பது எல்லாம் ஈரமான பஞ்சு மாதிரி. இதில் உப்பும் கிடையாது என்றால் நாலு வாய்க்கு மேல் கை போகாது.

அடுத்தது, ஒரே ஆளுக்குச் சமைப்பது. இரண்டு பேருக்குச் சமைத்த பாத்திரத்தில் ஒருவருக்குச் சமைக்கும்போது அந்தப் பாத்திரமே கேள்வி கேட்கிற மாதிரி இருக்கும். ஒரு நாள் சமைத்ததை மூன்று நாள் சாப்பிடுவேன், மூன்றாம் நாள் பாதியைக் கொட்டுவேன். நின்றபடியே சாப்பிட்ட நாட்கள் நிறைய. உட்கார்ந்தால் எதிர் நாற்காலி காலியாக இருப்பது தெரியும்.

ஒரு மாற்றம் மட்டும் உதவியது. என்னுடன் வேலை பார்த்த நண்பர் ஒருவர், அவரும் தனிக்கட்டை. மதியம் ஒரு மணிக்குப் போன் போடுவோம். ஒலிபெருக்கியைப் போட்டு மேசையில் வைத்துவிட்டு இருவரும் சாப்பிடுவோம். முதலில் "என்ன இன்னைக்கு" என்ற கேள்வி. பதில் சொல்ல ஏதாவது இருக்க வேண்டுமே என்பதற்காகவே சமைக்கத் தொடங்கினேன். போன வருடத்தைவிட இப்போது மூன்று கிலோ கூடியிருக்கிறேன்.

மகளே, அம்மாவிடம் "சாப்பிடும்மா" என்று சொல்வதைவிட அவர் சாப்பிடும்போது நீங்களும் ஒரு தட்டோடு உட்காருங்கள்.

பதிவு 7 – மூத்தமகள்

ஐயா, உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன். நாங்கள் எல்லோரும் அம்மாவுக்கு முதலில் பரிமாறிவிட்டு அப்புறம் சாப்பிடுகிறோம். மரியாதை என்று நினைத்து அப்படிச் செய்துவந்தோம். ஆனால் அம்மா தினமும் தனியாகத்தான் சாப்பிட்டிருக்கிறார் என்பது இப்போதுதான் உறைக்கிறது.

கெண்டைக்கால் 29.5. கையை ஊன்றாமல் எழ ஒரு தடவைகூட முடியவில்லை. நாளை மறுநாள் மருத்துவரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன்.

பதிவு 8 – இரவுப்பணி செவிலி

மருத்துவரிடம் போகும்போது எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டு அப்படியே கொண்டுபோங்கள், பெயரை எழுதிக்கொண்டு போக வேண்டாம். வார்டில் நான் பார்க்கிற முதியவர்களில் பலர் இரண்டு மருத்துவர் கொடுத்த ஒரே மருந்தை இரண்டு பெயரில் விழுங்குகிறார்கள்.

மெட்ஃபார்மின் பல வருடமாகச் சாப்பிட்டால் பி12 குறையலாம். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளும் அப்படித்தான். முதியவர்களின் இரைப்பையில் அமிலம் சுரப்பதே பலருக்குக் குறைந்துவிடும், உணவிலிருக்கும் பி12ஐப் பிரித்தெடுக்க அந்த அமிலம் வேண்டும். கால் மரத்துப்போவது, நாக்கு எரிவது, ஞாபகம் தடுமாறுவது எல்லாம் அதனால் வரலாம். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

வாயைத் திறந்து பார்த்தீர்களா? கூச்சப்படாதீர்கள். பல் செட் போட்டிருந்தால், எடை குறையும்போது ஈறும் சுருங்கிச் செட் தளர்ந்துவிடும். கடிக்கும்போது குத்தும். வலிக்கிறது என்று சொல்ல மாட்டார்கள், பசியில்லை என்பார்கள். ஜப்பானில் 1989இலிருந்தே "80 வயதில் 20 பல்" என்று ஓர் இயக்கம் நடத்திவருகிறார்கள். தன் பல்லால் மெல்ல முடிந்தால்தான் விதவிதமாகச் சாப்பிட முடியும் என்பதுதான் அதன் அடிப்படை.

தண்ணீர் விஷயம். வயதானால் தாகம் மங்கிவிடும், உடம்பு வற்றினாலும் கேட்காது. பெண்களுக்கு நாளைக்கு 1.6 லிட்டர், ஆண்களுக்கு 2 லிட்டர் பானம் வேண்டும் என்பது ஐரோப்பிய வழிகாட்டுதல். தண்ணீர்தான் என்றில்லை, பால், டீ, சூப் எல்லாம் சேர்த்தி. இதய பலவீனம், சிறுநீரக நோய் இருந்தால் அளவை மருத்துவர் சொல்ல வேண்டும். இரவில் கழிவறைக்குப் போக வேண்டுமே என்று பயந்து பலர் மாலையோடு நிறுத்திவிடுகிறார்கள். அப்படியானால் காலையிலும் மதியமும் கூடுதலாகக் கொடுங்கள், கழிவறைப் பாதையில் விளக்குப் போடுங்கள்.

தண்ணீர் குடிக்கும்போது அடிக்கடி புரை ஏறினால், சாப்பிட்ட பிறகு குரல் கரகரத்தால், உடனே சொல்லுங்கள். உணவு மூச்சுக்குழாய்க்குள் போய் நிமோனியா வரலாம். விழுங்குவதைச் சோதிக்கும் நிபுணர்கள் இருக்கிறார்கள். நீங்களாக எல்லாவற்றையும் மிக்சியில் அரைத்து ஊற்றாதீர்கள். தேவையில்லாமல் அரைத்துக் கொடுத்தாலும் சாப்பிடும் ஆசை போய்விடும்.

பதிவு 9 – அப்பாவின் கணக்கு

ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். இந்தப் புரதப் பேச்சைக் கேட்டுவிட்டு எல்லோரும் மாவு டப்பா வாங்க ஓடாதீர்கள். என் அப்பாவுக்கு 79. தெரிந்தவர் ஒருவர் சொன்னார் என்று புரத மாவு வாங்கி தினம் மூன்று தடவை கலந்து கொடுத்தோம். உப்புக்குப் பதிலாக "சோடியம் குறைந்த உப்பு" என்று ஒன்றையும் நல்லெண்ணத்தில் பயன்படுத்தினோம். அப்பாவுக்குச் சிறுநீரகம் ஏற்கெனவே பலவீனமாக இருந்தது எங்களுக்குத் தெரியாது. பொட்டாசியம் ஏறி, இதயத் துடிப்பு தடுமாறி, நான்கு நாள் மருத்துவமனையில் இருந்தார். அந்த மாற்று உப்பில் இருப்பது பொட்டாசியம் குளோரைடு என்று அங்கே போய்த்தான் தெரிந்தது. அப்பா ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிட்ட மாத்திரையும் பொட்டாசியத்தைத் தேக்கும் வகையாம்.

இதை எழுதும்போது இன்னமும் கை நடுங்குகிறது. நல்லது செய்கிறோம் என்று நினைத்துத்தான் செய்தோம்.

பதிவு 10 – உணவுத்தட்டு

நீங்கள் இதை எழுதியதற்கு நன்றி. முதல் பதிவிலேயே நான் சொல்லியிருக்க வேண்டும். 2013 பரிந்துரையிலேயே இந்த விதிவிலக்கு இருக்கிறது: சிறுநீரக வடிகட்டும் அளவு 30க்குக் கீழே போய், டயாலிசிஸ் தொடங்காதவர்கள் புரதத்தைக் கட்டுப்படுத்த வேண்டும். டயாலிசிஸ் செய்கிறவர்களுக்கு நேர்மாறாக, புரதம் கூடுதலாக வேண்டும். ஆகவே கூட்டுவதற்கு முன், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை ஒன்று பார்த்துவிடுங்கள்.

ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கீரையை நிறுத்த வேண்டியதில்லை, ஆனால் வாரத்துக்கு வாரம் அளவு தாறுமாறாக மாறக் கூடாது. தைராய்டு மாத்திரையும் சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் நான்கு மணி நேரம் தள்ளி இருக்க வேண்டும். இந்த இரண்டில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள்.

மாவு டப்பா பற்றி: பெரும்பாலானவர்களுக்கு அது தேவையே இல்லை. ஒரு முட்டையில் 6 கிராம். ஒரு கோப்பை பாலில் 7, 8. வெந்த பருப்பு ஒரு கிண்ணத்தில் 12க்கு மேல். ஒரு கைப்பிடி கடலையில் 7, மெல்ல முடியாவிட்டால் பொடித்துக் கொடுக்கலாம். 100 கிராம் மீனில் 20. இரண்டு மேசைக்கரண்டி பால்பவுடரைச் சாதாரணப் பாலிலேயே கலக்கினால் அளவு கூடாமல் 5 கிராம் கூடிவிடும். சாப்பிடும் அளவே குறைவாக உள்ளவர்களுக்கு இந்தத் தந்திரம்தான் எனக்கு அதிகம் கைகொடுத்திருக்கிறது: தட்டைப் பெரிதாக்காதீர்கள், அதே தட்டில் உள்ளதைக் கனமாக்குங்கள். காலை உணவுதான் பலருக்கும் ஓட்டை. இரண்டு பிஸ்கட்டில் ஒன்றரை கிராம்கூட வராது.

அப்புறம் அந்தக் காகிதம். மூத்தமகள், அதை மருத்துவரிடம் எடுத்துக்கொண்டு போங்கள். 66 வயதில் 65 கிலோவோ 70 கிலோவோ இருந்தபோது எழுதியது 76 வயதில் 51 கிலோவுக்குப் பொருந்தாது. முதியவர்களின் உணவில் கடுமையான கட்டுப்பாடுகளைத் தவிர்க்க வேண்டும் என்பது ஐரோப்பிய ஊட்டச்சத்து வழிகாட்டுதலில் நேராகவே எழுதப்பட்டிருக்கிறது. முட்டை மஞ்சளுக்குப் பயந்த காலமும் போய்விட்டது. நாளைக்கு 300 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் என்ற வரம்பை அமெரிக்க உணவு வழிகாட்டி நெறிகளே 2015 பதிப்பில் எடுத்துவிட்டன. உப்பை அவிழ்த்துவிடச் சொல்லவில்லை, உலக சுகாதார அமைப்பு சொல்வது நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவு. ஆனால் சுத்தமாக உப்பே இல்லாமல் சாப்பாட்டையே வெறுக்க வைக்கச் சொல்லி எந்த மருத்துவமும் கேட்கவில்லை. எலுமிச்சை, பூண்டு, இஞ்சி, மிளகு என்று மங்கிய நாக்குக்கு எட்டுகிற மாதிரி ஏதாவது சேருங்கள்.

பதிவு 11 – தசை இயக்கம்

இயன்முறை மருத்துவராக ஒரே ஒரு விஷயம் சொல்ல வருகிறேன். புரதம் செங்கல் மாதிரி. கட்டச் சொல்லி ஆள் வைக்காவிட்டால் செங்கல் அப்படியே கிடக்கும்.

1994இல் பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் 100 பேரை வைத்து ஆய்வு செய்தார்கள், சராசரி வயது 87. சிலருக்கு எடை தூக்கும் பயிற்சி, சிலருக்குச் சத்துப் பானம், சிலருக்கு இரண்டும், சிலருக்கு எதுவும் இல்லை. பத்து வாரத்தில் பயிற்சி செய்தவர்களின் கால் பலம் இரட்டிப்பானது. பானம் மட்டும் குடித்தவர்களுக்குப் பலம் கூடவில்லை. அதே குழு 1990இல் 90 வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் பயிற்சி கொடுத்து, 174 சதவீதம் பலம் கூடியதைக் காட்டியிருந்தது. மாணவனாக அதைப் படித்த நாளில்தான் இந்தத் துறையிலேயே இருந்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

நேர்மாறும் உண்மை. 2007இல் ஆரோக்கியமான முதியவர்கள் 12 பேரைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்தார்கள். கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை போனது. வெறும் பத்து நாளில். "ஓய்வெடுங்கம்மா, நான் பார்த்துக்கிறேன்" என்று அன்பாகச் சொல்கிறோமே, அதன் விலை இது.

அம்மாவுக்கு: நாற்காலியில் ஒரு கனமான மெத்தை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். உயரத்திலிருந்து எழுவது சுலபம். முதலில் ஒரு கை ஊன்றட்டும். நாளைக்கு மூன்று முறை, முறைக்கு ஐந்து தடவை. நன்றாக வந்தபிறகு கையை எடுக்கலாம், அதற்கும் பிறகு மெத்தையை எடுக்கலாம். நெஞ்சுவலி, தலைசுற்றல் வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

பதிவு 12 – வியாழன் மேசை

எழுபத்திரண்டு ஐயா எழுதியதைப் படித்துவிட்டுத்தான் வந்தேன். எங்கள் குடியிருப்புப் பொதுக்கூடத்தில் ஆறு வருடமாக வியாழக்கிழமை மதியம் முதியவர்கள் ஒன்றாகச் சாப்பிடுகிறார்கள். முப்பது பேருக்குள் வருவார்கள். தொடங்கியபோது நாங்கள் செய்த தவறுகளைச் சொல்கிறேன், வேறு யாராவது செய்ய நினைத்தால் உதவும்.

முதல் மூன்று மாதம் ஏழெட்டுப் பேர்தான் வந்தார்கள். அறிவிப்பில் "ஆதரவற்ற முதியோருக்கு உணவு" என்று எழுதியிருந்தோம். தன்மானம் உள்ள எவர் அதற்கு வருவார்? பெயரை மாற்றினோம். அடுத்து, நாங்களே சமைத்து நாங்களே பரிமாறினோம். அவர்கள் விருந்தாளி மாதிரி கூச்சத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒருநாள் ஆள் குறைந்துவிட்டது என்று ஒரு பாட்டியிடம் காய் நறுக்கித்தரச் சொன்னோம். அடுத்த வாரம் அவர் சொந்தக் கத்தியோடு வந்தார், கூடவே இரண்டு பேரையும் கூட்டிவந்தார். அன்றிலிருந்து நறுக்குவது, உரிப்பது, கணக்கு எழுதுவது எல்லாம் அவர்கள்தான்.

கைப்பிடி உள்ள நாற்காலி வேண்டும். கழிவறை பக்கத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாதிப் பேர் வரவே மாட்டார்கள். மின்விசிறிச் சத்தமும் பாட்டும் கூடாது, காது மந்தமானவர்கள் பேச்சிலிருந்து ஒதுங்கிவிடுவார்கள். ஒரு மேசைக்கு ஐந்தாறு பேருக்கு மேல் வேண்டாம். மாதம் ஒருமுறை வாசலில் எடைக்கருவி வைப்போம், அட்டையில் அவரவரே குறித்துக்கொள்வார்கள். யாருக்காவது இரண்டு மாதம் தொடர்ந்து இறங்கினால் நாங்கள் வீட்டில் பேசுவோம். அப்படித்தான் இரண்டு பேருக்கு விழுங்கும் பிரச்சினை இருப்பது தெரியவந்தது.

வராமல் போனவரை அன்றே போனில் கூப்பிடுவோம். சாப்பாட்டைவிட அந்தப் போனுக்காகத்தான் வருகிறேன் என்று ஒருவர் சொன்னார்.

பதிவு 13 – மூத்தமகள்

மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்தேன். இந்த முறை வேறு மருத்துவர். "12 சதவீதம்" என்று சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

தைராய்டு சரியாக இருக்கிறது. ஸ்கேனில் பயப்படும்படி எதுவும் இல்லை. சிறுநீரகம் வயதுக்குத் தகுந்தபடி இருக்கிறது, புரதம் கூட்டலாம் என்றார். பி12 மிகவும் குறைவு, ஊசி தொடங்கியிருக்கிறார்கள். மூன்று மாதச் சர்க்கரை அளவு 6.1. அதைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டேன், அவர் முகம் சுளித்தார். இந்த வயதில், இந்த எடையில், இந்த மாத்திரையோடு 6.1 என்றால் இரவில் சர்க்கரை இறங்கிப்போகும் ஆபத்து இருக்கிறது, அம்மாவைப் போன்றவருக்கு 7.5, 8 வரை இருந்தாலும் பரவாயில்லை என்றார். ஒரு மாத்திரையை நிறுத்திவிட்டார். விடியற்காலையில் அம்மாவுக்கு வியர்ப்பதை நான் புழுக்கம் என்று நினைத்திருந்தேன்.

செவிலி அக்கா சொன்னதுபோல வாயைத் திறந்து பார்த்தார்கள். கீழ்ப் பல் செட் ஆடுகிறது, ஈறில் புண். "ஏம்மா சொல்லல" என்று கேட்டேன். "அதுக்கு வேற செலவா" என்றார். வண்டியில் திரும்பி வரும்வரை எனக்குப் பேச்சே வரவில்லை.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: மாத்திரையை மருத்துவர் சொல்லி நிறுத்தினோம், நாங்களாக நிறுத்தவில்லை. யாரும் அப்படிச் செய்துவிடாதீர்கள்.

பதிவு 14 – அளவோடு உண்

மாமியாருக்கு நேற்று எடை பார்த்தேன். 43. பழைய மருத்துவச் சீட்டுகளைத் தேடி எடுத்தேன். நான்கு வருடமாக 43, 44தான். கை ஊன்றாமல் ஒன்பது தடவை எழுந்தார், பத்தாவது தடவை "எதுக்கு இது" என்று என்னைத் திட்டினார். நிம்மதியாக இருக்கிறது. இனி மாதாமாதம் பார்ப்பேன்.

பதிவு 15 – மூத்தமகள் (மூன்று மாதம் கழித்து)

கேட்டிருந்தவர்களுக்காகத் திரும்ப வருகிறேன். அம்மா இப்போது 53.4. கெண்டைக்கால் 30.2. புதுச் செட் பொருந்திவிட்டது. அம்மாவுக்கு இருந்த கால் மரப்பு குறைந்திருக்கிறது, முழுதாகப் போகவில்லை.

காலையில் டீயோடு ஒரு முட்டை, பால்பவுடர் கலந்த பால் அரை டம்ளர். மதியம் எல்லோரும் ஒரே நேரத்தில் உட்காருகிறோம். அது முடியாத நாளில் நானோ என் மகனோ அம்மாவோடு உட்காருகிறோம். இரவு இன்னமும் சிரமம்தான், ஐந்து வாய்க்கு மேல் போகாது. வற்புறுத்துவதை விட்டுவிட்டு, மாலை நாலரைக்குக் கடலைப்பொடி தூவி ஒரு கிண்ணம் தயிர் கொடுக்கிறோம். இரவில் விட்டது அதில் ஓரளவு வந்துவிடுகிறது.

ஃபிரிட்ஜ் கதவிலிருந்த காகிதத்தை எடுக்க அம்மா ஒரு மாதம் சம்மதிக்கவில்லை. புது மருத்துவர் தன் கையால் "முட்டை சாப்பிடலாம்" என்று எழுதிக்கொடுத்த பிறகுதான் பழையதைக் கிழித்தார்.

மெத்தையில்லாமல், கை ஊன்றாமல் நான்கு தடவை எழுகிறார். இந்த வாரம் அவராகவே கேட்டார், கைப்பிடி இல்லாத நாற்காலியில் செய்து பார்க்கலாமா என்று. தசை இயக்கம் ஐயா, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பதிவு 16 – தசை இயக்கம்

நான்கு தடவை என்பது எட்டாக வரட்டும், அதுவரை கைப்பிடி இருக்கட்டும். அப்புறம் மாற்றும்போது நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள், காலில் வழுக்காத செருப்பு இருக்கட்டும், நீங்கள் இடது பக்கமோ வலது பக்கமோ ஒரு கை தூரத்தில் நில்லுங்கள். முதல் நாள் இரண்டு தடவை போதும். அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.